ஏக்கருக்குப் பன்னிரண்டு கட்டுரை

திருத்தணியில் மண்டலக் கதிர்மருந்து ஆய்வு நிலையம் அமைந்ததற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. மலையடிவாரத்தில் யாத்ரீகர்களுக்காகக் கட்டிய சத்திரம் ஒன்று, தண்ணீர் வராததால் யாரும் தங்காமல் பூட்டிக் கிடந்தது. டெல்லியில் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றுக்கான கோப்பு, கட்டடம் கிடைக்காமல் பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்த இரண்டுக்கும் யாரோ ஓர் அதிகாரி கல்யாணம் செய்துவைத்தார். அரை ஏக்கர் மனையில் பெயர்ப்பலகை நட்டாயிற்று. உடம்புக்குள் இருக்கும் கதிரைப் படம் பிடிக்கிற காமா கேமரா லாரியில் வந்து இறங்கியபோது, அது சத்திரத்துக் கதவுக்குள் நுழையவில்லை. பதினொரு மாதம் வராந்தாவில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஊழியர்கள் அதன்மேல் சாப்பாட்டு டப்பா வைத்துக்கொண்டார்கள்.

1986இல் டாக்டர் சுலோச்சனா அங்கே விஞ்ஞானியாகச் சேர்ந்தபோது கதவை இடித்து அகலமாக்கியிருந்தார்கள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பள்ளிப்பட்டு நெசவாளர் வீட்டுப் பெண். பம்பாயில் ஆறு வருஷம் இருந்து ஒரே ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எலியின் உயிரணுக்களில் விளையும் ஓர் எதிர்ப்பொருளை எடுத்து, அதோடு கதிர்வீசும் அயோடினைக் கட்டி, நோயாளியின் ரத்தத்தில் செலுத்துவாள். அது உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, குடல் புற்று எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் கேமரா அந்த இடத்தைப் பொட்டு வைத்தாற்போலக் காட்டும்.

நிலையத்தின் டைரக்டர் பக்தவச்சலம் முதல் நாளே அவளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். தலைப்பில் 'வருடாந்திர ஆய்வு விளைச்சல் அறிக்கை' என்று இருந்தது. விஞ்ஞானிகளுக்கான படிவம் அச்சாகி வரும்வரை வேளாண்மைத் துறைப் படிவத்தையே பயன்படுத்தலாம் என்று எப்போதோ ஓர் உத்தரவு வந்திருந்தது. பருவம், பரப்பு, விதை, ஏக்கருக்கு மகசூல் என்று கட்டங்கள். 'நெல்' என்று இருந்த இடத்தில் அடித்து 'கட்டுரை' என்று எழுதியிருந்தார்கள்.

"நோயாளிகளைப் பத்தி எழுத இதுல இடமே இல்லையே சார்?" என்று கேட்டாள்.

"நோயாளி நம்முடைய விளைச்சல் இல்லை அம்மா" என்றார் டைரக்டர் பொறுமையாக. "நோயாளி நம்முடைய நிலம்."

அந்த நிலமாக அவளிடம் வந்து சேர்ந்தவர் எல்லப்பன். ஐம்பத்திரண்டு வயது, பள்ளிப்பட்டில் இரண்டு தறி. இரண்டு வருஷத்துக்கு முன்பு சென்னையில் குடலில் கட்டி அறுத்துப் பிழைத்தவர். இப்போது ரத்தப் பரிசோதனை, கட்டி எங்கேயோ மறுபடி முளைத்திருக்கிறது என்று சொன்னது. எங்கே என்று எக்ஸ்ரேக்கும் தெரியவில்லை, டாக்டர்களின் விரலுக்கும் தெரியவில்லை. சென்னை சர்ஜன் பச்சையாகச் சொல்லிவிட்டார்: "எங்கே இருக்குன்னு காட்டினா அறுக்கிறேன். கண்ணை மூடிக்கிட்டு வயித்தைத் திறக்க மாட்டேன்." ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரைதான் அவர் ஊரில் இருப்பார். அதன் பிறகு இரண்டு மாதம் வெளிநாடு.

எல்லப்பனும் அவர் மனைவி அம்சாவும் தினமும் காலை பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கழுத்துச் சுரப்பி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருக்க, சாதாரண அயோடின் சொட்டுகளைப் பாலில் விட்டுக் குடிக்க வேண்டும்.

"இன்னாம்மா இது, துரு புடிச்ச ஆணிய ஊற வச்ச மாதிரி கீது" என்பார் எல்லப்பன்.

"குடிங்கண்ணா. நாளைக்கு மருந்து வந்துடும்."

மருந்து வந்தது. பம்பாயிலிருந்து விமானத்தில் சென்னைக்கும், அங்கிருந்து ரயிலில் திருத்தணிக்கும், ஈயக் குடுவைக்குள் பத்து மில்லிகியூரி அளவு கதிர்வீசும் அயோடின் ஒரு திங்கட்கிழமை காலை வந்து சேர்ந்தது. அந்த அயோடினுக்கு ஒரு குணம் உண்டு. எட்டு நாளில் பாதி தானாகவே தேய்ந்துவிடும். அடுத்த எட்டு நாளில் மிச்சத்தில் பாதி. நல்ல படம் வர எல்லப்பனுக்குக் குறைந்தது நான்கு மில்லிகியூரி வேண்டும்.

குடுவை நேரே ஸ்டோர்ஸுக்குப் போயிற்று. வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளையும் மூன்று பேர் கொண்ட குழு கண்ணால் பார்த்துச் சான்றளித்த பிறகே வெளியே விட வேண்டும் என்பது விதி. மூவரில் ஒருவர் நகரியில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் இன்னொருவருக்கு வயிற்றுப்போக்கு. சுலோச்சனா தினமும் ஸ்டோர்ஸ் ஜன்னலில் போய் நின்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் மூவரும் கூடினார்கள். அவள் கருவியை வைத்து அளந்து காட்டினாள்.

ஸ்டோர்ஸ் அதிகாரி துரைக்கண்ணு நல்ல மனிதர். யார் வீட்டுத் துக்கத்துக்கும் முதல் ஆளாக நிற்பவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பில்லுல பத்துன்னு போட்டுக்கீது. மிஷின் அஞ்சு காட்டுது. மீதி அஞ்சு எங்க மேடம்?"

"தேஞ்சு போச்சு சார். அது இயற்கை."

"இயற்கைன்னா எந்த செக்‌ஷன்?"

"செக்‌ஷன் இல்ல சார். அதோட குணமே அப்படி. நீங்க பூட்டி வச்சிருந்த எட்டு நாள்லதான் குறைஞ்சுது."

துரைக்கண்ணுவின் முகம் வாடியது. "பூட்டு என்கிட்ட, சாவி என்கிட்ட. நான் எடுத்தேன்னு சொல்றீங்களா?"

குடுவையை 'ஐந்து குறைவு' என்று குறித்து அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் மனம் நொந்து மெமோ எழுதினார். சுலோச்சனா இரண்டு பக்கத்தில் கதிரியக்கத் தேய்வை விளக்கி, கீழே ஒரு வரைபடமும் போட்டுப் பதில் எழுதினாள். மாலையிலேயே டைரக்டரின் குறிப்பு பச்சை மையில் திரும்பி வந்தது: 'விளக்கம் படித்தேன். பொருள் தானாகக் குறையும் என்று முன்பே தெரிந்திருந்தும், குறையாத பொருளை வாங்காதது ஏன்? இனிமேல் குறையாது என்ற உத்தரவாதத்துடன் மட்டுமே கொள்முதல் செய்க.'

அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினாள். குறிப்பைப் பற்றிப் பேச அவர் தயாராக இல்லை. வேறு சந்தோஷத்தில் இருந்தார்.

"மதிப்பீட்டுக் குழு டெல்லியிலிருந்து வருகிறது. வருகிற திங்கட்கிழமை. நமக்கு அதிர்ஷ்டம், அன்றைக்கு ஆடிக் கிருத்திகை."

"கிருத்திகைக்கு ஊரே கூட்டமா இருக்குமே சார், அன்னைக்குப் போயா?"

"அன்றைக்குத்தான் வர முடியும் என்கிறார்கள். தலைவருக்கு மொட்டை வேண்டுதல் இருக்கிறது. நீ என்ன செய்கிறாய், அந்த நெசவாளரைத் தயாராக வை. குழுவின் முன்னால் ஊசி போடு. உடனே படம் எடுத்துக் காட்டு."

"ஊசி போட்டு மூணு நாள் கழிச்சுத்தான் சார் படம் வரும். அதுவும் திங்கட்கிழமை வரைக்கும் காத்திருந்தா மருந்து மூணுதான் மிஞ்சும். பத்தாது."

பக்தவச்சலம் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "என் பெண் கல்யாணத்தில் போட்டோகிராபர் தாலி கட்டி முடிப்பதற்குள் படத்தைக் கையில் கொடுத்தான். அவன் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில். இருபது லட்ச ரூபாய் கேமராவை வைத்துக்கொண்டு நீ மூன்று நாள் கேட்கிறாய்."

அன்று மாலை சுலோச்சனா ஆய்வுக்கூடத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே வராந்தாவில் அம்சா புருஷனுக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். இவர்களிடம் என்ன சொல்வது? கட்டி வயிற்றில் வளர்ந்துகொண்டிருக்கிறது, மருந்து குடுவையில் தேய்ந்துகொண்டிருக்கிறது, நடுவில் டெல்லிக்காரர் ஒருவருக்கு மொட்டை வேண்டுதல் இருக்கிறது என்றா?

எழுந்து போய் அம்சாவிடம், "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே வந்துடுங்கக்கா. யாரும் வர்றதுக்கு முன்னால" என்றாள்.

புதன்கிழமை காலை எதிர்ப்பொருளோடு அயோடினைச் சேர்த்து எல்லப்பனின் கையில் ஏற்றினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சனிக்கிழமை அவரைக் கேமராவின் அடியில் படுக்க வைத்து நாற்பது நிமிடம் அசையாதிருக்கச் சொன்னாள். எல்லப்பன் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். படம் கழுவி வந்தது. பழைய தையலுக்கு இடப்புறம், இரண்டு விரற்கடை மேலே, ஒரு கரும்பொட்டு. வேறெங்கும் எதுவும் இல்லை. கல்லீரல் சுத்தம்.

"ஒண்ணே ஒண்ணுதான்ணா. எடுத்துடலாம்" என்றாள்.

எல்லப்பன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்துனூண்டா? இதுக்கா இந்தப் பாடு?" என்றார். அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டைரக்டருக்குச் சனிக்கிழமை கோபம் வந்து ஞாயிற்றுக்கிழமை தணிந்துவிட்டது. காரணம், படம் நன்றாக இருந்தது. அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே 'டைரக்டரின் வழிகாட்டுதலில்' என்று எழுதி, கூடத்தில் மாட்டிவிட்டார்.

திங்கட்கிழமை ஊர் முழுக்கக் காவடியும் மஞ்சளுமாக இருந்தது. குழு மூன்று மணி நேரம் தாமதமாக, மொட்டைத் தலையில் சந்தனத்தோடும் கையில் பஞ்சாமிர்தத்தோடும் வந்து சேர்ந்தது. தலைவர் டெல்லிக்குப் போய் இருபது வருஷமான தமிழர். விசிறியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டுப் படிவங்களைப் பிரித்தார்.

"டைரக்டர், முப்பத்தொன்று. பிரமாதம்!" என்றார்.

முப்பத்தொன்றில் பதினேழு, திறப்பு விழா உரைகள். ஒன்பது, மற்ற நிலையங்களுக்கு எழுதிய வாழ்த்துச் செய்திகள். நான்கு வானொலிப் பேச்சு. எஞ்சிய ஒன்றின் தலைப்பு: 'ஆய்வு நிலையங்களில் கதவின் அகலம்: ஒரு மறுபரிசீலனை.'

"டாக்டர் சுலோச்சனா... பூஜ்யம்?"

"ஒரு நோயாளிக்கு எங்கே கட்டி இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கோம் சார். அந்தச் சுவர்ல இருக்கு படம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

தலைவர் படத்தைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், அருகில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்ல வேலை. இது கட்டுரையாக வந்துவிட்டதா?"

"சனிக்கிழமைதான் சார் எடுத்தோம்."

"அப்படியானால் இன்னும் இது நடக்கவில்லை" என்றார் அவர் கனிவாக. "தவறாக நினைக்காதீர்கள். நோயாளி பிழைத்தால் அது ஆஸ்பத்திரியின் வெற்றி. செத்தால் அது அவருடைய விதி. கட்டுரை வந்தால்தான் அது விஞ்ஞானம். வருகிற வரைக்கும் இந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். இதுதான் ஆதாரம்."

அந்த வாக்கியத்தைத் துரைக்கண்ணு அப்படியே எழுதிக்கொண்டார். குழு கிளம்பிய கையோடு படத்தைச் சட்டத்தோடு கழற்றி, அரக்கு முத்திரை வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டினார்.

சுலோச்சனா ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தாள். "சார், அந்தப் படத்தை சென்னைக்கு அனுப்பணும். சர்ஜன் பார்த்தாத்தான் ஆபரேஷன்."

"ஆதாரத்தை வெளிய எடுத்துகினு போறதுன்னா கேட் பாஸ் வேணும் மேடம். டைரக்டர் கையெழுத்து வேணும்."

"குடுங்க, வாங்கிக்கிறேன்."

"அவுரு குழுவோட திருப்பதிக்குப் போய்ட்டாரு. சனிக்கிழமைதான் வருவாரு."

"ஆபரேஷன் வெள்ளிக்கிழமை! அதுக்கப்புறம் சர்ஜன் ஊர்ல இல்ல!"

துரைக்கண்ணு கீழே பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. "எனக்கும் தெரியும் மேடம். அந்த எல்லப்பன் சம்சாரம் எங்க வீட்டுக்குப் பொடவை குடுத்துகினு இருந்தவங்க. ஆனா நான் ரூல் போட்டவனா? பூட்டு போட்டவன்."

"இன்னொரு படமாவது எடுக்கிறேன். ஒரு ஃபிலிம் குடுங்க."

"நோயாளிக்கு ஒரு ஃபிலிம்தான் கணக்கு. ரெண்டாவது வேணும்னா, மொதல் ஃபிலிம் கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுக்கணும். அது கெடலியே. அலமாரில நல்லா கீது."

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அதற்கும் ஒரு மெமோ வரும், அதற்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுத வேண்டும் என்ற நினைப்பே அவளைக் களைக்க வைத்தது.

புதன்கிழமை எல்லப்பனை மறுபடியும் வரவழைத்தாள். அவர் உடம்பில் அயோடின் இன்னும் இருந்தது. கேமராவின் அடியில் படுக்க வைத்தாள். ஃபிலிம் இல்லை என்றாலும் திரை இருக்கிறதே! வயிற்றிலிருக்கும் கட்டி திரையில் மங்கலான புள்ளியாகத் தெரிந்தது. ஒரு குச்சியின் நுனியில், குடுவையில் மிச்சமிருந்த அயோடினில் ஒரு துளி வைத்து அடைத்து, அந்தக் குச்சியை எல்லப்பனின் வயிற்றின் மேல் மெதுவாக நகர்த்தினாள். திரையில் இன்னொரு புள்ளி நகர்ந்தது. இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்த இடத்தில் குச்சியை நிறுத்தி, புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் தோலில் ஒரு வட்டம் போட்டாள். பக்கவாட்டில் படுக்க வைத்து இடுப்போரமும் ஒன்று. அருகிலேயே, மேலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்பதையும் எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

எல்லப்பன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "சேல பார்டருக்கு டிசைன் போட்ட மாதிரி கீதேம்மா."

"அண்ணா, இது அழியக் கூடாது. ஆபரேஷன் வரைக்கும் குளிக்காதீங்க. வேர்வை பட விடாதீங்க."

"வேர்வய நான் எங்கம்மா புடிச்சி வைக்கிறது?"

"நான் விசிறிகினே வர்றேன்" என்றாள் அம்சா.

வாசலில் காவலாளி அவர்கள் பையைப் பிரித்துப் பார்த்தான். துண்டு, தூக்குவாளி, முருகன் பிரசாதம்.

"ஆபீஸ் சாமான் எதுனா எடுத்துகினு போறீங்களா?"

"ஒண்ணும் இல்லபா" என்றார் எல்லப்பன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

கிருத்திகை முடிந்து திரும்புகிற கூட்டத்தில் ரயில் பிதுங்கியது. அரக்கோணம் தாண்டும்வரை அம்சா பனை விசிறியால் புருஷனின் வயிற்றுக்கு மட்டும் விசிறிக்கொண்டே வந்தாளாம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். சர்ஜன் முதலில் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். இப்படி ஒரு ரிப்போர்ட்டை அவர் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. சுலோச்சனா தபாலாபீஸிலிருந்து டிரங்க் கால் போட்டு இருபது நிமிடம் பேசினாள். வெள்ளிக்கிழமை காலை அவர் ஊதா வட்டத்தின் மேலேயே கத்தியை வைத்தார். நெல்லிக்காய் அளவில் அது அங்கே இருந்தது.

ஆறு மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் ஆறு பேர்: டைரக்டர், சர்ஜன், டெல்லிக் குழுவின் மூவர், நிலையத்தின் நிர்வாக அலுவலர். கடைசிப் பக்கத்தில், மருந்துக் கம்பெனிக்கும் டைப்பிஸ்ட்டுக்கும் நடுவில், 'உதவிய டாக்டர் சுலோச்சனாவுக்கும்' நன்றி சொல்லியிருந்தது. அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு பத்திரிகையை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

விழா நடந்தது. டைரக்டர் மைக்கைப் பிடித்தார்.

"பத்திரிகையில் அச்சான கட்டுரை ஒன்று. ஆசிரியர் ஆறு. ஆளுக்கு ஒன்று என்று கணக்கிட்டால் இந்த ஆண்டு நம் விளைச்சல் ஆறு. நிலையத்தின் பரப்போ அரை ஏக்கர். அதாவது, ஏக்கருக்குப் பன்னிரண்டு! இந்தியாவில் எந்த ஆய்வு நிலையமும் இந்த மகசூலை எட்டியதில்லை. பம்பாய் நிலையத்துக்கு எண்பது ஏக்கர் இருக்கிறது. அவர்கள் கிட்டவே வர முடியாது." கைதட்டல் அடங்கியதும் எல்லப்பனை மேடைக்கு அழைத்து மாலை போட்டார். "இந்த நிலையம் உங்களுக்கு என்ன செய்தது, நீங்களே சொல்லுங்கள்."

எல்லப்பனுக்கு மேடை பழக்கமில்லை. மைக்கை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"ஆங்... சொல்றேங்க. மருந்து வந்துச்சி, எட்டு நாளு பூட்டி வச்சாங்கோ. படம் எடுத்தாங்கோ, அதையும் பூட்டி வச்சாங்கோ. கேட்டா பாஸ் இல்லன்னாங்கோ. அப்பறம் அந்தம்மா என் வயித்து மேலயே எழுதி அனுப்பிட்டாங்க. வயித்துக்கு பாஸ் கேக்க யாருக்கும் தோணல. அதான் பொழச்சிகினேன். எல்லாருக்கும் கும்புடறேன்."

கூடம் சிரித்தது. பக்தவச்சலமும் சிரித்தார், நோயாளி தங்களைப் பாராட்டுகிறார் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக் கைதட்டினார். துரைக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

மறுநாள் பதினோரு மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. 'நோயாளிகளின் உடம்பில் செலுத்தப்படும் அயோடின் அரசுப் பொருள் ஆகும். அது நிலையத்தின் எல்லையை விட்டு அனுமதியின்றி வெளியேறி வந்தது கவனத்துக்கு வந்துள்ளது. இனி ஒவ்வொரு நோயாளிக்கும் கேட் பாஸ் பெறப்பட வேண்டும்.'

அன்று மணவூரிலிருந்து கன்னியம்மாள் என்ற கூலிக்காரப் பெண் வந்திருந்தாள். குடலில் அறுவை நடந்து ஒரு வருஷம். காலையில் ஊசி போட்டாயிற்று. நாலரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். சுலோச்சனா ஸ்டோர்ஸில் படிவத்தை வாங்கி மேஜைமேல் விரித்தாள். பொருளின் பெயர் என்ற இடத்தில் 'கன்னியம்மாள்' என்று எழுதினாள். எண்ணிக்கை: ஒன்று. எடை: முப்பத்தெட்டு கிலோ. கடைசி வரியில், 'திரும்பி வரும் பொருள் / திரும்பி வராத பொருள்: தேவையற்றதை அடிக்கவும்' என்று அச்சிட்டிருந்தது.

பேனா அங்கே நின்றது.

"இன்னாம்மா எழுதறீங்க? ரயிலு போய்டும்" என்றாள் கன்னியம்மாள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"இதோ ஆச்சுக்கா."

சுலோச்சனா 'திரும்பி வராத பொருள்' என்பதன்மேல் ஒரு கோடு போட்டாள். அது போதாதென்று தோன்றியது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாதபடி திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.